சேர்விடாப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

1

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இருபத்தொரு வருடங்களாகக் கேட்காத குரல்.

"மாஸ்டர், குரல் விளங்குதா? நான் ஜமால். சிலாவத்துறைல இருந்து."

ஜமால்தீன் மாஸ்டர் எங்கள் பள்ளிக்கூடத்தின் கணித ஆசிரியர். மன்னாரில், சிலாவத்துறைக்குத் தெற்கே கடலோரமாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நானும் அவரும் ஒன்பது வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள்.

"ஓம் மாஸ்டர், விளங்குது. எங்க நிண்டு கதைக்கிறீங்கள்? காத்து இரையுது."

"கிணத்துக்கட்டுல ஏறி நிக்கிறன். இஞ்சதான் கொஞ்சம் சிக்னல் இழுக்குது. விழுந்தனெண்டா ஜனாஸா தூக்க நீங்கதான் ஜெர்மனில இருந்து வரோணும்."

சிரித்தோம். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். யுத்தம் முடிந்து புத்தளத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள் பழைய காணிகளில் காடு வெட்டிக் கொட்டில் போட்டிருக்கின்றன. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு, தொண்ணூறுக்கு முன் இந்த ஊரில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அவருடைய மகள் பஸ்லியா ஏழு வயதில் ஊரை விட்டுப் போனவள். இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அவளிடம் இருப்பதெல்லாம் புத்தளத்துப் பத்திரங்கள்.

"அரசாங்கக் கந்தோருக்குப் போனா, நீங்க புத்தளத்து ஆக்கள்தானே எண்டு கேக்கிறாங்க. இன்னொராள் கேக்கிறான், அண்டைக்கு நீங்க விரும்பித்தானே போனீங்க எண்டு. என்ன சொல்ல? நம்மட பள்ளிக்கூடச் சேர்விடாப்பு உங்கள்ட்ட இருக்கு எண்டு ஒராள் சொன்னார். மெய்யா?"

"இருக்கு," என்றேன். "கடதாசி இல்லை. கொம்பியூட்டருக்குள்ள இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். அதுல பேர், தகப்பன் பேர், விலாசம் எல்லாம் இரிக்குமே. மார்கழிக் கடைசிக்குள்ள குடுக்கோணும் மாஸ்டர்."

அனுப்புகிறேன் என்று சொன்னேன். அன்று பிற்பகலே பழைய கணினியைத் திறந்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் 'டிக்… டிக்…' என்று, நாக்கைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழுப்பியது. கோப்பைத் திறக்கவில்லை. கணினியை நிறுத்தினேன். முதலில் நல்ல டிஸ்க் ஒன்று வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் எதையும் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அது நியாயமான முடிவுபோலத் தெரிந்தது. மனைவிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

2

அடுத்த நான்கு வாரமும் நான் டிஸ்க் படித்தேன். ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலர் இப்போது பிள்ளைகளின் படங்களையும் காணி உறுதிகளையும் கணினியில் சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். படித்ததைச் சொல்லி வைக்கிறேன். அந்த நான்கு வாரத்தில் அதுவாவது யாருக்காவது பயன்படட்டும்.

டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் முறை சுழல்வது ஒரு வகை. ஐயாயிரத்துச் சொச்சம் முறை சுழல்வது இன்னொரு வகை. முதலாவது சும்மா சுழன்றுகொண்டிருக்கவே ஏழெட்டு வாட் இழுக்கும். இரண்டாவதற்கு நாலைந்து வாட் போதும். சூடும் இரைச்சலும் குறைவு. பத்திரங்களையும் படங்களையும் வைப்பதற்கு வேகம் தேவையில்லை. மெதுவானதே போதும், விலையும் குறைவு. இதைவிடச் சின்னதாக, சட்டைப்பையில் கொள்ளும் டிஸ்க் உண்டு. அது இரண்டு வாட் அளவில், மடிக்கணினியின் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். தனிப் பிளக் வேண்டாம். கரண்ட் வராத இடத்துக்கு அதுதான்.

வீட்டில் ஒரு பெட்டியை வாங்கி, இரண்டு மூன்று டிஸ்க்கை அதற்குள் பூட்டி, இரவு பகலாக ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியும் சேர்ந்து மின்சாரம் குடிக்கும். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கென்று வரும் சில டிஸ்க்குகள் சில விநாடி வேலை இல்லையென்றால் வாசிக்கும் ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிடும். அவற்றை ஓயாமல் விழித்திருக்கும் பெட்டிக்குள் போட்டால் ஊசி ஏறி இறங்கி ஏறி இறங்கித் தேயும். மிச்சம் பிடிக்கப்போய்ச் சாமானைக் கொல்லும் வேலை அது. எப்போதாவது பார்க்கும் பத்திரங்களுக்குப் பெட்டியே வேண்டாம். எழுதிவிட்டு, கழற்றி, அலுமாரியில் வைத்தால் மின்சாரமே தேவையில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை எடுத்துச் சுழலவிட்டுப் பார்த்தால் போதும்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதுமாக இருந்தது. நான் நான்கு வாரம் எடுத்தேன். கொப்பியில் கட்டம் கீறி, வாட், சுற்று, விலை, உத்தரவாதக் காலம் என்று தலைப்பிட்டேன். நகரத்து மூன்று கடைகளுக்கும் டிராமில் போய் வந்தேன். ஒரு கடையில், மின்சாரம் குறைவாகச் சாப்பிடும் டிஸ்க் வேண்டும் என்று கேட்டேன். ஜெர்மன் மொழியில் மனிதர் சாப்பிடுவதற்கு ஒரு சொல், மிருகம் தின்பதற்கு இன்னொரு சொல். மின்சாரம் இழுக்கும் சாமான்களுக்கு மிருகத்தின் சொல்லே வழக்கம். நான் மரியாதையாக மனிதரின் சொல்லைப் போட்டுவிட்டேன். விற்பனையாளர் முகம் மாறாமல், "இது கரண்டியால் சாப்பிடும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். டோர்ட்முண்டில் இருபது வருடம் இருந்த பிறகு இப்படி.

அதையும் வாங்கவில்லை. தாய்லாந்தில் பெருவெள்ளம் என்று செய்தி வந்தது. டிஸ்க் தொழிற்சாலைகள் பல அங்கேதான் இருந்தன. இரண்டு வாரத்தில் எல்லாக் கடையிலும் விலை இரட்டித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. விலை இறங்கட்டும், பிறகு வாங்கலாம்.

மனைவி மனோன்மணி கதிரையை இழுத்து என் கொப்பிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு அரை மணித்தியாலம்கூட இருக்கேல்லை நீங்கள். வடையைத் திண்டிட்டு ஓம் எண்டிட்டுப் போனீங்கள். இந்தத் தகரப் பெட்டிக்கு ஒரு மாசமாச் சாதகம் பாக்கிறீங்கள்."

"விலை கூடிப்போச்சு மணி."

"விலை கூட முந்தி ரெண்டு கிழமை இருந்ததே? அந்த மனிசன் திரும்பப் போன் எடுத்தவர். நீங்கள் குளிக்கிறீங்கள் எண்டு சொன்னனான். எத்தினை தரம் நான் உங்களைக் குளிக்க வைக்கிறது?"

எழுந்து நடந்தேன். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையில் பதினொரு அடி. அந்த மாதம் முழுக்க அந்தப் பதினொரு அடியில்தான் இருந்தேன். உட்கார்ந்தால் எழும்ப வேண்டும்போல் இருக்கும். எழும்பினால் போக இடமிராது.

3

டிஸ்க்கைத் திறக்கப் பயந்ததன் காரணம் டிஸ்க் அல்ல.

சேர்விடாப்பு என்பது பள்ளிக்கூடத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதும் பெரிய புத்தகம். இலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன், விலாசம், சேர்ந்த திகதி. வலது பக்கக் கடைசியில் இரண்டு கட்டங்கள்: விலகிய திகதி, விலகியதற்கான காரணம். அவற்றைச் சிவப்பு மையால் எழுதுவது வழக்கம்.

தொண்ணூறாம் ஆண்டு நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பதில் அதிபர். அதிபர் வைத்தியத்துக்குக் கொழும்பு போய்த் திரும்பவில்லை. என் ஊர் உள்ளே, வயல் பக்கம். சைக்கிளில் வந்து போவேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், கொஞ்சம் பேர் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அந்த ஐப்பசியில் துவக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர்கள் தமிழ் இயக்கத்துப் பிள்ளைகள், என் சொந்த ஆட்கள். அவர்களில் இரண்டு பேருக்கு நான் படிப்பித்திருக்கிறேன்.

ஜமால்தீன் மாஸ்டர் வள்ளத்துக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விளையாட்டுச் சாமான் அலுமாரியைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்தார். "ரெண்டு பந்துக்குக் காத்தில்ல மாஸ்டர்," என்றார். அந்த நேரத்திலும் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாசலில் நின்று திரும்பி, "புள்ளயள்ட பேர வெட்டிப்போடாதீங்க. வந்திருவம்," என்றார்.

ஓம் என்றேன். அவர் பெட்டியில் ஒரு கைபிடித்து வள்ளம் வரை போயிருக்கலாம். போகவில்லை. யார் பார்ப்பார்களோ என்றிருந்தது.

மூன்று வாரம் கழித்து, எண்பத்திரண்டு பெயர்களையும் சிவப்பு மையால் வெட்டினேன். காரணம் என்ற கட்டத்தில், எண்பத்திரண்டு இடத்திலும், 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். துவக்கோடு வந்தவர்கள் இடாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். 'நீண்டநாள் வரவின்மை' என்று எழுதியிருக்கலாம்; பொய்யும் இல்லை, ஆபத்தும் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் எனக்குத் தொந்தரவு வராத சொல் எது என்று யோசித்து, கேட்பதற்கு முன்பே எழுதிவைத்தேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒரு எழுத்துக்கூடச் சாயவில்லை.

அடுத்த வருடம் கரையோரத்தில் சண்டை தொடங்க, நாங்களும் இடம்பெயர்ந்து மடுத் தேவாலய வளவில் மரத்துக்குக் கீழே இருந்தோம். அங்கே ஒரு சுவாமியார் மூலம் ஜமால்தீன் மாஸ்டரின் துண்டுக் கடிதம் வந்தது. புத்தளத்துப் பள்ளிக்கூடங்கள் பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் கேட்கின்றன, எழுதி அனுப்புங்கள் என்று. தகரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, எண்பத்திரண்டும் எழுதினேன். விடுகைப் பத்திரத்திலும் அதே கட்டம் உண்டு. பத்திரம் இடாப்பில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்பது விதி. மரத்தடியில் இருந்துகொண்டு, கூரையில்லாத நான், விதியைப் பார்த்து அதையே எழுதினேன். அந்தக் கட்டத்தை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு வள்ளம் ஏறி இராமேஸ்வரம், அங்கிருந்து இங்கே. இடாப்பு ஒரு யூரியாப் பையில் என்னோடு வந்தது. பள்ளிக்கூடச் சொத்தைக் காப்பாற்றினேன் என்று இங்குள்ள எங்கள் ஆட்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். காப்பாற்றியது உண்மை. வேறு யார் கையிலும் அது கிடைக்கக்கூடாது என்று நினைத்ததும் உண்மை.

சில வருடங்களுக்கு முன் மகன் அதைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றினான். பிறகு நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தபோது இடாப்பு ஊறிக் கட்டியாகிவிட்டது. பழைய கடதாசித் தொட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

4

மகன் நிரோஷன் கொலோனில் வேலை செய்கிறான். மூன்று வயதில் இங்கே வந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்க மாட்டான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். 'க' வரிசையோடு நின்றுவிட்டான். வாசிக்கச் சொல்லிக் கொடுக்க நானும் மினக்கெடவில்லை. ஒரு ஆசிரியன் இதைச் சொல்வது வெட்கம்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம், தாய் சொல்லி வந்தான். என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தான்.

"அப்பா, இந்த இடாப்பு எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு பென் டிரைவுக்குள்ள போகும். இதுக்கு ஏன் இவ்வளவு வாட் கணக்கு?"

"பத்திரமா இருக்கோணும்."

"எந்த டிஸ்கும் ஒருநாள் சாகும் அப்பா. நல்லது, கெட்டது எண்டு ஒண்டும் இல்லை. அது சாகேக்க இன்னொண்டு வேற வீட்டில இருக்கா, அவ்வளவுதான். சின்னது ரெண்டு போதும். ஒண்டு இங்க, ஒண்டு ஊரில. முடிஞ்சுது."

நான்கு வாரக் கட்டத்துக்கு நான்கு வசனத்தில் பதில். அவனே இரண்டு சின்ன டிஸ்க்கோடுதான் வந்திருந்தான். கணினியைத் திறந்தான். டிக், டிக். அவன் முகம் மாறியது.

"இது எப்ப இருந்து இப்பிடி?"

"ஐப்பசி."

"அப்பா! அண்டைக்கே எனக்குச் சொல்லியிருந்தா…" மிச்சத்தை ஜெர்மனில் சொன்னான். அவன் கோபம் எப்போதும் ஜெர்மனில்தான் வரும்.

பிரதி எடுக்க மாலையாகிவிட்டது. கடைசியில் இரண்டு பக்கங்கள் வரவே இல்லை. என்ன செய்தும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் வந்தது. எந்தப் பக்கங்கள் என்று இலக்கத்தை வைத்துப் பார்த்தேன். பதினொரு முஸ்லிம் பிள்ளைகள் இருந்த பக்கங்கள். அதில் ஒருத்தி பஸ்லியா. ஐப்பசியில், அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில், ஒரு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

மகன் மற்றப் பக்கங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இந்தச் சிவப்பில எழுதியிருக்கிறது எல்லா வரியிலயும் ஒண்டுதானே? எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா ஒரே படம்மாதிரி இருக்கு. என்ன அது?"

மனோன்மணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் நான் இதைச் சொன்னதில்லை. வாசித்துக் காட்டினேன். பிறகு என்ன நடந்தது என்றும் சொன்னேன். சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. இருபத்தொரு வருடம் சுமந்தது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மகன் திரையில் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினான். "இதை அழிக்கலாம் அப்பா. அந்தக் கட்டத்தை மட்டும். ரெண்டு நிமிச வேலை. ஒருத்தருக்கும் தெரியாது." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான்.

அழி என்று சொல்ல வாய் வந்தது. அவர்களுக்கும் நல்லதுதானே, அந்தக் கட்டம் இல்லாவிட்டால் கந்தோரில் கேள்வி வராதே என்று நியாயமும் கூடவே வந்தது. எனக்கு நியாயம் எப்போதும் சீக்கிரம் வரும்.

"அழிச்சா ரெண்டாந்தரமும் நீங்கள் பொய் எழுதினதாப் போகும்," என்றாள் மனோன்மணி. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவே கடிதம் எழுதினேன். அந்தச் சிவப்பு வரி என் கையெழுத்து என்றும், அது பொய் என்றும், அந்தக் குடும்பங்கள் விரும்பிப் போகவில்லை, துவக்குமுனையில் வெளியேற்றப்பட்டன என்றும், நான் அதைக் கண்ணால் கண்டவன் என்றும், இரண்டு பக்கங்கள் அழிந்தது என் தாமதத்தால் என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். விடுமுறைக்கு மன்னாருக்குப் போன ஒருவர் ஒரு டிஸ்க்கையும் கடிதத்தையும் கொண்டுபோனார். மற்ற டிஸ்க் எங்கள் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

5

மார்கழி நடுப்பகுதியில் ஜமால்தீன் மாஸ்டர் எடுத்தார். இந்த முறை நான் குளிக்கவில்லை.

"டிஸ்க் வந்திட்டு மாஸ்டர். பள்ளிக்கூட லெப்டொப்புல போட்டுப் பாத்தம். சோலார்லயே ஓடுது. நல்ல சாமான்."

"கடிதம்?"

"வாசிச்சன்."

காற்று இரைந்தது. அவர் கிணற்றுக்கட்டில்தான் நிற்கிறார் என்று தெரிந்தது.

"மாஸ்டர், அந்த விடுகைப் பத்திரம் எண்பத்திரண்டும் புத்தளத்துல குடுத்தது ஆரு? நான்தானே. கேம்புல கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தன். எல்லாத்தையும் வாசிச்சிட்டுத்தான் குடுத்தன்."

"அப்ப உங்களுக்கு…"

"முதலாவது பத்திரத்துல பிளேட்டால சுரண்டிப் பாத்தன். பேப்பர் ஓட்டையாப் போகப் பாத்திச்சு. கள்ளப் பத்திரம் எண்டு புள்ளய திருப்பிருவாங்க எண்டு விட்டுட்டன். அந்தப் பேப்பர் இல்லாட்டி எங்கட புள்ளயள் ஒண்டும் பள்ளிக்கூடம் போயிருக்காது. நன்றி சொல்லவும் மனம் வரல்ல. ஏசவும் வாய் வரல்ல. அதான் கடிதமே போடல்ல."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கேக்க எனக்கு…"

"அத விடுங்க, நாள் இல்ல," என்றார். வகுப்பில் பிள்ளை தப்பாகச் செய்த கணக்கைப் பார்க்கும்போது வரும் அதே குரல். "உங்கட கடிதத்துல ஒரு பிழை இரிக்கி. கையொப்பம் போட்டு வெறும் பேரத்தான் எழுதியிருக்கீங்க. டோர்ட்முண்ட் ஆள் ஒருத்தர் எழுதின கடிதத்தக் கந்தோரில ஆர் எடுப்பான்? அந்தப் பிழைய அதிபரா இருந்து எழுதினீங்க. திருத்தத்தையும் அதிபராத்தான் எழுதோணும்."

"என்ன செய்ய?"

"புதுசா விடுகைப் பத்திரம் எழுதுங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா. எண்பத்திரண்டு. முன்னாள் பதில் அதிபர் எண்டு போட்டு, அங்க ஒரு நொத்தாரிசு லோயரிட்ட அத்தாட்சி எடுங்க. எடுப்பாங்களோ தெரியாது. குடுத்துப் பாப்பம். அந்த ரெண்டு பக்கத்துப் புள்ளயள்ட விவரம் நான் சொல்றன், எழுதுங்க. பேனை இரிக்கா?"

இருந்தது. பதினொரு பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பஸ்லியாவின் பெயரைக் கடைசியில் சொன்னார். பிறந்த திகதியைச் சொல்லிவிட்டு, "முழங்காலுக்க உரஞ்சின காயத்தோட வள்ளம் ஏறினவள். நீங்கதான் பள்ளிக்கூடத்துல மருந்து போட்டீங்க," என்றார். எனக்கு அது நினைவில்லை.

நொத்தாரிசுக் கந்தோரில் இருந்த பெண் எண்பத்திரண்டு என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். இருபது இருபதாகக் கொண்டு வரச் சொன்னாள். முதல் இருபதில் அழிந்த பக்கத்துப் பதினொன்றையும் சேர்த்தேன். அவை மார்கழி முடியமுன் ஸ்கான் செய்து மின்னஞ்சலில் போய்விட்டன, தாள்கள் தபாலில். ஊர்க் கந்தோரில் வாங்கி வைத்திருக்கிறார்களாம், பதில் இல்லை. மற்றவர்களுக்குத் தவணை நீட்டியிருக்கிறார்களாம். இன்று ஐம்பத்தெட்டாவது எழுதினேன். பழைய கையெழுத்து இல்லை, எழுத்துகள் சாய்கின்றன. ஒரு நாளைக்கு மூன்றுக்குமேல் முடிவதில்லை. எழுதாத நேரத்தில் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையில் நடக்கிறேன்.

அச்சடித்த படிவத்தில் 'விலகியதற்கான காரணம்' என்ற கட்டம் இரண்டு சொல்லுக்குத்தான் அளவாக இருக்கிறது. நான் எழுத வேண்டியது இரண்டு சொல்லில் அடங்கவில்லை. வரிக்கு மேலே தொடங்கி, ஓரத்தில் வளைத்து, அடுத்த கட்டத்துக்குள்ளும் போகிறேன்.